ஏழாம் அத்தியாயம்: எடுத்த வீடியோவை எந்த வடிவில் கொடுப்பது?

கல்லணையில் மலரும் நெல்லும் தூவித் திறந்துவிட்ட தண்ணீர் திருக்காட்டுப்பள்ளியைத் தொடும் நாளில் பாலத்துக் கைப்பிடிச் சுவர் முழுக்கச் செல்போன்கள்தான். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம் இது. காய்ந்த மணலை நனைத்தபடி நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வருவதைப் படமெடுக்காமல் விட யாருக்கு மனசு வரும்? சாயங்காலத்துக்குள் அது ஒருவருடைய ஸ்டேட்டஸில் ஏறுகிறது. இன்னொருவர் அதைத் திரைப்பதிவாகப் பிடித்து, பாட்டுச் சேர்த்து, வேறு குழுவில் போடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் போய்ச் சேரும்போது தண்ணீர் எது, மணல் எது என்று தெரியாமல் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நகர்கிறது. போன் நல்ல போன். எடுத்தவர் கையும் ஆடவில்லை. கொடுத்த விதத்தில்தான் காட்சி செத்துப்போனது.

எடுத்த வீடியோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி வேண்டும். போனோ கேமராவோ எழுதிய மூலக் கோப்பு, துளியும் மாறாமல், வைப்புக்கு. அந்த மூலத்திலிருந்து தேவைக்கேற்பச் செய்துகொள்ளும் பிரதி, கொடுப்பதற்கு. கொடுக்கும் பிரதி எம்பி4 கோப்பாக இருக்கட்டும். அதற்குள் படம் எச்.264 முறையிலும் ஒலி ஏ.ஏ.சி. முறையிலும் இருக்கட்டும். அவசரக்காரர்கள் இதோடு எழுந்துபோய் வேலையைப் பார்க்கலாம். பெரும்பாலான வேலை இதிலேயே முடிந்துவிடும். அது ஏன் அப்படி, எப்போது இதை விட்டு விலக வேண்டும் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

சாக்கும் ரகமும்

நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய சாக்கைப் பார்த்தே உள்ளே சன்ன ரகமா பொது ரகமா என்று சொல்லிவிட முடியாது. வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்க்க வேண்டும். வீடியோ கோப்பும் அப்படித்தான். எம்பி4, எம்.ஓ.வி., எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று கோப்புப் பெயரின் கடைசியில் இருப்பதெல்லாம் சாக்கு. உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஒரே எம்பி4 சாக்கில் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏ.வி.1 கூட இருக்கலாம். டிவி பெட்டி முகம் சுளிப்பது பெரும்பாலும் உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான்.

வாயைப் பிரித்துப் பார்க்க வி.எல்.சி. போதும். கணினியில் கோப்பை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனை அழுத்துங்கள். படம் எந்த முறை, எத்தனைக்கு எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை சட்டகம், ஒலி எந்த முறை என எல்லாம் அங்கே இருக்கும். ஒரு கோப்பு ஓடவில்லை என்று யார் வந்து சொன்னாலும் முதல் வேலை இதுதான். இதைப் பார்க்காமல் மாற்றிப் பார்ப்பது வீண் அலைச்சல்.

கோப்பின் பெயரில் எம்.ஓ.வி. என்பதை அழித்து எம்பி4 என்று எழுதினால் எதுவும் மாறாது. சாக்கை மட்டும் உண்மையாகவே மாற்றும் வழி ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே எடுத்து வேறு கொள்கலனில் வைப்பது. இதை ரீமக்ஸ் என்பார்கள். ஒரு மணி நேர வீடியோகூடச் சில நிமிடங்களில் முடியும், தரம் மயிரிழைகூடக் குறையாது. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் இரண்டும் இலவசம், இரண்டிலும் இதைச் செய்யலாம். முன்னும் பின்னும் வேண்டாத பகுதியை வெட்டவும் இவையே சரி. வெட்டுமிடம் ஒன்றிரண்டு நொடி தள்ளி விழலாம், ஏனென்றால் முழுச் சட்டகம் இருக்கும் இடத்தில்தான் இவை சுத்தமாக வெட்டும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், வெட்டுவதற்காக மட்டும் ஒரு வீடியோவை முழுக்க மறுபடி ரெண்டர் செய்யாதீர்கள். மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது.

எந்தக் கோடெக்?

எச்.264 வெளியானது 2003இல். இருபது வருடத்துக்கு மேல் ஆனதுதான் அதன் பலம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப், கல்யாண மண்டபத்து புரொஜெக்டர், ஊர்க் கேபிள் டிவிக்காரர் கணினி, பாட்டியிடம் இருக்கும் மலிவு போன் என எதிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265, ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் அடைத்துவிடும். 2018இல் வந்த ஏ.வி.1 அதைவிடச் சிக்கனம், உரிமத் தொகையும் கிடையாது. யூடியூப் உள்ளுக்குள் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் பத்து வருடத்துப் பழைய டிவியிடம் ஏ.வி.1 கோப்பைக் கொடுத்தால் அதில் படம் வராது. எனவே சிக்கனம் உங்கள் வைப்புக்கு உதவட்டும். பிறருக்குக் கொடுப்பது எங்கும் ஓட வேண்டும்.

இப்போதைய போன்களில் பல, கேட்காமலே எச்.265இல் எடுக்கின்றன. ஐபோனில் 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் இதுதான் வழக்கம். செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் என்று போனால் ‘ஹை எஃபிஷியன்சி’, ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று இரண்டு இருக்கும், முதலாவது எச்.265, இரண்டாவது எச்.264. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் கேமரா அமைப்புகளில் ‘ஹை எஃபிஷியன்சி வீடியோ’ என்பது போன்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். எடுக்கும்போது எச்.265 இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 4கே படத்தை நொடிக்கு 30 சட்டகத்தில் எடுத்தால் ஐபோனில் அந்த முறையிலேயே நிமிடத்துக்கு 170 எம்.பி. ஆகிறது, எச்.264 என்றால் திருவிழா முடியும் முன் போன் நிறைந்துவிடும். கொடுக்கும் பிரதி செய்யும்போது எச்.264க்கு மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவே.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரித்துக் காட்டும் எச்.டி.ஆர். முறையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். புது போன்கள் இதைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. எடுத்த போனில் பார்த்தால் சாமி அலங்காரத்தில் தங்கம் தங்கமாகவே ஜொலிக்கும். வேறு கணினியில் திறந்தால் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஊருக்குக் கொடுப்பதற்காக எடுக்கும் வீடியோவில் எச்.டி.ஆரை எடுப்பதற்கு முன்பே அணைத்துவிடுவது நல்லது. பிறகு சரிசெய்யலாம்தான், ஆனால் அது நேரம் தின்னும் வேலை.

தண்ணீரும் நாற்றும் கோடெக்கின் எதிரிகள்

வீடியோவைச் சுருக்கும் முறை ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஒன்றை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் எது மாறியது, எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். மேடையில் உட்கார்ந்து நாயனம் வாசிப்பவரை எடுத்தால் பின்னால் தொங்கும் திரை மாறாது, தூண் மாறாது, பக்கத்துச் சுவர் மாறாது; கையும் கன்னமும் சீவாளியும்தான் அசையும். கோடெக்குக்கு இது சுகமான வேலை.

குடமுருட்டியில் நுங்கும் நுரையுமாக வரும் தண்ணீரில் மாறாத புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. நகர்ந்து போனதைக் கண்டுபிடித்துக் குறிக்கலாம் என்றால், ஒரு சுழிப்பு அடுத்த சட்டகத்தில் அதே உருவத்தில் இருப்பதில்லை. நடவு முடிந்து பச்சை கட்டிய சம்பா வயலில் காற்று ஓடும்போதும் இதே கதைதான்: மெல்லிய இலைகள் ஆயிரமாயிரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். படுகையில் வாழைத்தோப்பை எடுத்தால் இலை பெரிது, அசைவு நிதானம், அதனால் அவ்வளவு சிரமமில்லை. மழை, வாணவேடிக்கை, தேர் மேல் இறைக்கும் பூ, சூடம் கொளுத்திய புகை இவையெல்லாம் தண்ணீர் கட்சி. நம் வட்டாரத்தில் எடுக்கத் தகுந்தவை என்று நாம் நினைப்பவை அத்தனையும் கோடெக்கைத் திணறடிப்பவை.

திணறும்போது அது என்ன செய்யும் என்பது பிட்ரேட்டைப் பொறுத்தது. ஒரு நொடி படத்துக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்று நீங்கள் கொடுக்கும் அளவே பிட்ரேட். கொடுத்தது போதாவிட்டால் நுணுக்கத்தை வழித்தெறிந்துவிட்டுக் கட்டங்களாக நிரப்பும். முதலில் போவது தண்ணீரின் மேல் மினுக்கம். அடுத்து வயலில் தனித்தனி இலைகள் பச்சைச் சாந்தாகிவிடும்.

யூடியூப் 1080 வரிப் படத்துக்கு, நொடிக்கு 30 சட்டகம் வரை, 8 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 8 மெகாபிட்) பிட்ரேட்டில் ஏற்றச் சொல்கிறது, 720க்கு 5. மேடை நிகழ்ச்சிக்கு இது தாராளம், 1080இல் 6 வைத்தாலும் குறை தெரியாது. ஆற்றுக்கும் வயலுக்கும் நான் 12க்குக் குறைப்பதில்லை, வெள்ளம் என்றால் 16. அதற்கு இடமில்லையென்றால் பிட்ரேட்டைக் குறைப்பதைவிட 1080ஐ 720 ஆக்குங்கள். புள்ளி குறைந்த தெளிவான தண்ணீர், புள்ளி மிகுந்த சேற்றைவிட மேல்.

ஏற்றுமதி செய்யும் முன் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று மனக்கணக்காகவே போடலாம். பிட்ரேட்டை ஏழரையால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு ஆகும் எம்.பி. கிடைக்கும். 8 என்றால் 60 எம்.பி., 12 என்றால் 90. ஒலிக்குத் தனியாக நிமிடத்துக்கு ஒன்றரை எம்.பி. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கே வேண்டாம். அதில் ஆர்.எஃப். என்று ஓர் அளவு உண்டு. தரத்தை நீங்கள் சொன்னால் பிட் எத்தனை வேண்டும் என்பதைக் காட்சிக்குக் காட்சி அதுவே முடிவு செய்யும்: தண்ணீர் வரும் இடத்தில் அள்ளிக் கொடுக்கும், மேடையில் மிச்சம் பிடிக்கும். எச்.264க்கு 20 முதல் 22 வரை வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். கூடவே ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். கோப்பின் அட்டவணை முன்பக்கம் வந்துவிடுவதால், இணைப்பில் பார்ப்பவருக்கு முழுதும் இறங்கும்வரை காத்திராமல் படம் ஓடத் தொடங்கும்.

ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆற்றைப் படமெடுப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். கேமரா அசையாவிட்டால் கரை, தென்னை, வானம் மூன்றும் மாறாமல் நிற்கும். அவற்றுக்குப் போக வேண்டிய பிட் எல்லாம் தண்ணீருக்குக் கிடைக்கும்.

தவிலைக் காப்பாற்றுங்கள்

ஏற்றுமதி செய்பவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்து ஒலியைக் கோட்டை விடுகிறார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் அது பெரிய நஷ்டம். தவிலின் சொல் ஒவ்வொன்றும் சட்டென்று எழுந்து அடங்குவது. பிட்ரேட் போதாதபோது அந்தக் கூர்மை மழுங்கி, அடிக்கு முன்னும் பின்னும் ஒரு சரசரப்பு ஒட்டிக்கொள்ளும். பேச்சுக்கு ஏ.ஏ.சி.யில் நொடிக்கு 128 கிலோபிட் போதும். நாதசுரமும் தவிலும் இருந்தால் 192க்குக் குறைக்காதீர்கள். கச்சேரிப் பதிவென்றால் 256 அல்லது 320. வீடியோவின் மொத்த அளவில் இது தூசி. மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும், எடுத்ததும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும்போது எடுத்த ஒரு துண்டை 64இலும் 256இலும் ஏற்றுமதி செய்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்; கூட்டுக் குரல்கள் முதலாவதில் ஒரே குழம்பாகவும் இரண்டாவதில் தனித்தனிக் குரலாகவும் இருக்கும்.

சட்டகக் கணக்கு

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் அந்தத் தாளத்துக்குத் துடிப்பவை. கேமராவில் 25 சட்டகமும் 50இல் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் மண்டபத்துக்குள் கோடு ஓடாது. எடுத்த பிறகோ, எதில் எடுத்தீர்களோ அதிலேயே கொடுங்கள். 30இல் எடுத்ததை 25 ஆக்கினால் நொடிக்கு ஐந்து சட்டகம் உதிரும். ஊர்வலத்தில் பல்லக்கு தடுக்கித் தடுக்கி நகரும்.

போனில் எடுத்த நீண்ட பதிவில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே சட்டகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் அதை 30 என்றே நம்பி அடுக்கும்போது, அரை மணி நேரம் கழித்து வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். அத்தகைய பதிவை முதலில் ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ வைத்து மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்யுங்கள்.

பென் டிரைவ், வாட்ஸ்அப், யூடியூப்

ஸ்டுடியோ வைத்திருக்கும் எவரும் கேட்டிருக்கும் வாசகம் இது: “அண்ணே, உங்க கடையில ஓடுச்சு. எங்க வீட்டு டிவில சத்தம் மட்டும் வருது, படம் வரல.” இந்த ஒரு வரியிலேயே நோய் தெரிந்துவிடும். சத்தம் வந்து படம் வராவிட்டால் படத்தின் கோடெக் அந்த டிவிக்குத் தெரியாது: எச்.265, அல்லது 10 பிட் எச்.டி.ஆர். படம் வந்து சத்தம் வராவிட்டால் ஒலி ஏ.ஏ.சி.யில் இல்லை, கேமராவின் எம்.ஓ.வி. கோப்பை அப்படியே கொடுத்திருப்பார்கள், அதில் ஒலி சுருக்கப்படாத பி.சி.எம்.ஆக இருக்கும். படம் விட்டு விட்டு ஓடினால் பிட்ரேட் அதிகம், அல்லது நொடிக்கு 60 சட்டகம். கோப்பே பட்டியலில் தெரியாவிட்டால் பென் டிரைவை டிவியால் படிக்க முடியவில்லை.

கடைசியாகச் சொன்னதில் ஒரு பழைய கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது. டிவிகள் எல்லாம் தயங்காமல் படிப்பது ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவை. ஃபேட்32இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, பென் டிரைவ் 64 ஜி.பி.யாக இருந்தாலும். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ 8 எம்.பி.பி.எஸ்.ஸில் கிட்டத்தட்ட 11 ஜி.பி. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஒரே கோப்பாகக் கொள்ளும். ஆனால் பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. ஆகவே உடைத்துக் கொடுங்கள். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் தனிக் கோப்பாக்கி 01, 02 என்று எண்ணிட்டால் வரிசையும் கெடாது. தாலி கட்டும் இடத்தைத் தேடி மூன்று மணி நேரத்தை ஓட்டிப் பார்க்கும் வேலையும் அந்த வீட்டாருக்கு மிச்சம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது தன் வசதிக்குச் சுருக்கிக்கொள்ளும். எச்.டி. என்று தேர்ந்தால் பரவாயில்லை, அதுவும் சுருக்கியதுதான். தரம் குறையாமல் போக வேண்டுமானால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். 2022 முதல் 2 ஜி.பி. வரை அப்படியே போகும். ஃபார்வர்டு செய்வதால் மட்டும் படம் கெடுவதில்லை. இறக்கி, வெட்டி, எழுத்துப் போட்டு, மறுபடி ஏற்றுவதுதான் கெடுக்கிறது.

வெளிநாட்டு உறவினருக்கு முழுக் கல்யாணத்தையும் காட்ட யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி இணைப்பைக் கொடுப்பதே நடைமுறை. 11 ஜி.பி.யைத் தினம் ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் ஏற்றினால் ஒரு வாரம் ஓடிவிடும். பிராட்பேண்டு உள்ள இடத்துக்குப் போய் ஏற்றுங்கள். யூடியூப் எதைக் கொடுத்தாலும் தன் முறைக்கு மறுபடி சுருக்கப் போகிறது, எனவே அதற்கு மட்டும் பிட்ரேட்டைக் கூட்டியே கொடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். பதிப்புரிமைக் கோரிக்கை வந்து ஒலி முடக்கப்படலாம். மண்டபத்தில் வாசித்த மங்கள இசையையே வைத்துக்கொள்ளுங்கள், அதுதானே அந்தக் கல்யாணத்தின் ஒலி.

திருவிழாவில் பெரிய எல்.இ.டி. திரைக்குக் கொடுப்பதாக இருந்தால் திரைக்காரரிடம் அகலம் எத்தனை புள்ளி, உயரம் எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தத் திரைகள் எப்போதும் டிவி வடிவச் செவ்வகத்தில் இருப்பதில்லை.

கரண்ட் போனால்

எம்பி4க்கு ஒரு பலவீனம். எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையை அது பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். நடுவில் மின்சாரம் நின்றாலோ பேட்டரி தீர்ந்தாலோ அட்டவணை எழுதப்படாமல் போய், அதுவரை எடுத்த இரண்டு மணி நேரமும் திறக்காது. மீட்கும் மென்பொருள்கள் உண்டு. எப்போதும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை.

பூண்டி மாதா பேராலயத்துக்குச் செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டி வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ‘இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம்’ என்பதற்கு இடமில்லை. இப்படிப்பட்ட நேரலையை ஓ.பி.எஸ். மென்பொருளில் பதிவு செய்பவர்கள் பதிவு வடிவத்தை எம்.கே.வி. என்று வைக்க வேண்டும். பாதியில் நின்றாலும் நின்ற இடம்வரை எம்.கே.வி. ஓடும். விழா முடிந்ததும் ஓ.பி.எஸ்.ஸின் ஃபைல் மெனுவிலேயே ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ இருக்கிறது. எம்பி4 ஆக்கிக்கொண்டு கொடுங்கள்.

பரணில் கிடக்கும் வி.சி.டி.

2000ஐ ஒட்டிய வருடங்களில் நடந்த கல்யாணங்கள் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வி.சி.டி.யில்தான் இருக்கின்றன. 352க்கு 288 புள்ளி, எம்.பி.இ.ஜி.1 முறை. இப்போதைய டிவியில் பார்த்தால் மங்கல்தான். ஆனால் இறந்துபோன தாத்தா நடந்து வந்து பந்தியில் உட்காருவது வேறெங்கும் இல்லை. வட்டுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, இந்த வேலையை அடுத்த பண்டிகைக்குத் தள்ளாதீர்கள். டி.வி.டி. டிரைவ் உள்ள கணினியில் வட்டைத் திறந்தால் எம்.பி.இ.ஜி.ஏ.வி. என்ற பெயரில் ஓர் உறை, அதற்குள் டி.ஏ.டி. என்று முடியும் கோப்பு. அதை அப்படியே நகலெடுங்கள், அது வைப்புக்கு. வி.எல்.சி. அதை ஓட்டும், ஹேண்ட்பிரேக் அதிலிருந்து எம்பி4 செய்யும்.

டி.வி.டி.யில் 720க்கு 576 புள்ளி, ஒன்றுவிட்டு ஒரு வரியாக எழுதியது. மாற்றும்போது ‘டீஇன்டர்லேஸ்’ போடாவிட்டால் கை வீசும் இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு வரும். 4:3 படத்தை அகலத் திரைக்காக இழுக்காதீர்கள். மணமகள் குட்டையாகி அகலமாகிவிடுவார். இரு பக்கமும் கருப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். 1080 ஆகப் பெரிதாக்குவதாலும் இல்லாத விவரம் வந்துவிடாது.

கோப்புக்குப் பெயர்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாள் இப்படி மாறுவதால், நம் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வந்த வீடியோவின் தேதிதான் அந்த வருடக் குறுவையின் கணக்கு. வாட்ஸ்அப் வழியாக வந்த சாதாரணப் பிரதியில் எடுத்த நாள், இடம் இரண்டும் அழிந்திருக்கும். கோப்புப் பெயரில் இருக்கும் தேதி உங்கள் போனுக்கு வந்த தேதி. ஆகவே மூலக் கோப்பைக் கணினிக்கு மாற்றிய அன்றே வருடம், மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயரிடுங்கள்: 2024-08-01-குடமுருட்டி-பாலம் என்பதைப் போல. வருடம் முன்னால் இருந்தால் கோப்புகள் தாமே காலவரிசையில் நிற்கும்.

அறுவடைக்கு நின்ற பயிர் மூழ்கியதை எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். பயிர்க் காப்பீட்டில் வட்டார அளவில் நேரும் இடர்ப்பாட்டை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். போனில் இருப்பிடத்தை இயக்கிவிட்டு, வயலோடு மதகோ மோட்டார் கொட்டகையோ தெரியும்படி, அரை நிமிடம் எடுத்தால் போதும். அலுவலருக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள். நாளும் இடமும் கோப்போடு போகும்.

கண்காணிப்புக் கேமரா

அரவை மில், உரக்கடை, நகைக்கடை எங்கும் இப்போது டி.வி.ஆர். பெட்டி இருக்கிறது. வட்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும் என்பதால், சம்பவம் நடந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். மானிட்டரில் ஓடவிட்டுச் செல்போனால் படமெடுப்பது அக்கம்பக்கத்தில் காட்ட உதவும், வேறெதற்கும் ஆகாது. மெனுவில் பேக்கப் பகுதிக்குப் போய், நேரத்தைக் குறித்து, பென் டிரைவில் இறக்குங்கள். பல பெட்டிகள் தமக்கே உரிய வடிவத்தில்தான் கொடுக்கும். அதைத் திறக்க அந்தக் கம்பெனியின் பிளேயர் வேண்டும். பிளேயரையும் சேர்த்து இறக்கும் வசதி சிலவற்றில் உண்டு. பெட்டிக் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பதை அப்போதே எழுதி வையுங்கள்.

பார்ப்பதற்கு எம்பி4 ஒன்று செய்துகொள்ளலாம். போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியது பெட்டி கொடுத்த கோப்பு. 2014 மகாராஷ்டிரத் தேர்தலில் ஜால்னா தொகுதி வேட்புமனு எத்தனை மணிக்குத் தாக்கலானது என்ற வழக்கில், தேர்தல் அலுவலகக் கேமராப் பதிவுகள் வி.சி.டி.யாகத்தான் நீதிமன்றத்துக்கு வந்தன. மூலக் கருவி வராமல் நகல் மட்டும் வந்தால் சட்டப்படியான சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ்ப் படிவம், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹேஷ் மதிப்பு என்னும் எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். தரத்தைக் கூட்டுகிறேன் என்றோ இருட்டை வெளிச்சமாக்குகிறேன் என்றோ மறுபடி ரெண்டர் செய்த கோப்பு, சட்டத்தின் கண்ணில் வேறொரு கோப்பு.

ஹேஷ் எடுப்பது எளிது. கணினியில் 7-ஜிப் நிறுவிவிட்டு, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ‘சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ.’ என்ற வரியில் எஸ்.எச்.ஏ.-256ஐத் தேர்ந்தால் 64 எழுத்துள்ள ஒரு நீண்ட எண் வரும். இறக்கிய உடனே, கோப்பை வேறெங்கும் நகர்த்தும் முன், இதைச் செய்யுங்கள். அந்த எண்ணைப் பிழையில்லாமல் அச்செடுத்து, கோப்பின் பெயர், பெட்டியின் மாடல், வரிசை எண், இறக்கிய தேதி, நேரம், இறக்கியவர் பெயர் எல்லாவற்றையும் கீழே எழுதிக் கையெழுத்திட்டு, பென் டிரைவோடு ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள்; அதே கோப்பின் இன்னொரு நகலும் அதே தாளும் உங்களிடம் இருக்கட்டும்.